வாழ்க்கைக் கதையும் ஆற்றுப்படுத்தும் பணியும்: ‘வீரம்மா’ நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

மேய்ப்புப்பணியின் ஒரு கூறாகிய ஆற்றுப்படுத்தல் துறையில் அண்மைக் காலமாகப் பெரிதும் பேசப்படுவது கதையாடல்வழி ஆற்றுப்படுத்தலாகும். விளிம்புநிலை மக்களுக்கு மிகவும் ஏற்றது இம்முறையே என்பர். இக்கூற்றைப் புதுச்சேரி மண்ணில் எழுந்த ஒரு நூலைக் கொண்டு ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

முறையின் இயல்பு

ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மைக்கேல் ஒயிட்டும் நியூசிலாந்தில் பணியாற்றிய டேவிட் எப்ஸ்டனும் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் வாயிலாக இம்முறை பரவியது. மனிதர் வேறு, அவரை வருத்தும் சிக்கல் வேறு எனப் பிரித்துக் காண்பதே இதன் அடிப்படை. ‘நான் எதற்கும் உதவாதவன்’ என ஒருவர் கூறுங்கால், அவ்வெண்ணத்தை அவருக்குக் கற்பித்தவர் யார், அதற்கு அவர் அடங்காதிருந்த வேளைகள் உண்டா என ஆற்றுநர் வினவுகிறார். அவ்வேளைகளைக் கோத்துத் தம் வாழ்வை வேறு வகையில் சொல்ல அவருக்கே வழி பிறக்கிறது. தம் வாழ்வை நன்கறிந்தவர் துன்புறுவோரே என்பது இம்முறையின் துணிபு. அறிவுரை கூறியே பழகிய நமக்கு இப்பாடம் மிகவும் தேவையானது.

நூலும் அதன் கேள்வியும்

வீரம்மா புதுச்சேரியை அடுத்த ஒரு சிற்றூரின் பறையர் சேரியில் வாழ்ந்தவர், கூலி வேலை செய்தவர், பேறுகாலம் பார்த்தவர், பாடல்களில் வல்லவர். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று ஒன்பது பேரை இழந்தவர். ஜோசியான் ரசீன் என்னும் இசை ஆய்வாளர் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அவர் சொல்லக் கேட்டார். தமிழில் சொல்லப்பட்ட அவ்வாழ்வு, ஜோசியான் ரசீன், ழான்-லுய்க் ரசீன் ஆகியோரின் முயற்சியால் பாரிசில் பிரெஞ்சு நூலாக வெளிவந்தது. 1997இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது.

இந்நூல் ஆற்றுப்படுத்தலைக் கருதி எழுதப்பட்டதன்று. எனினும், ஆற்றுநர் கற்க வேண்டிய பொறுமை இதிற் காணப்படுகிறது. பண்ணையாரிடம் பற்றும் அச்சமும் கலந்து பேசும் வீரம்மா, அடுத்த நொடியிலேயே மேலோரை எள்ளி நகையாடுகிறார். பிள்ளைகளின் சாவைப் பற்றிய பேச்சில் பேய்களும் தெய்வங்களும் இடம்பெறுகின்றன. அவருடைய மகனோ புதிய அரசியலின் மொழியைப் பேசுகிறான். கேட்டவர் தாயை மகனுடைய மொழிக்கு மாற்ற முயலவில்லை. தாயின் மொழியைத் தாழ்வென்று ஒதுக்கவுமில்லை.

ஈண்டு நம் முதல் ஐயம் எழுகிறது. கதையாடல் முறையினர் ‘மாற்றுக் கதை’யை நாடுகின்றனர். அந்நாட்டம் மிகுமாயின், ஆற்றுநர் தாம் விரும்பும் விடுதலைக் கதையைத் துன்புறுவோரின் வாயில் இட்டுவிடக் கூடும். அடங்கிப் போகச் சொல்லும் போதகரும், உடனே கிளர்ந்தெழச் சொல்லும் போதகரும் இவ்வகையில் ஒரே தவற்றையே செய்கின்றனர். வீரம்மாவின் சிரிப்பு அடிமைத்தனத்தை ஏற்கும் சிரிப்பா, எதிர்க்கும் சிரிப்பா என அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. சிரித்தவரிடமே அதனைக் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, பெயர் பற்றியது. பிரெஞ்சுப் பதிப்பின் தலைப்பு அவ்வாழ்வைப் ‘பறையர் வாழ்வு’ என்றது. 1997இன் ஆங்கிலப் பதிப்பு ‘தீண்டத்தகாதவர் வாழ்வு’ என்றது. பின்னர்த் தில்லியில் வந்த பதிப்பு ‘தலித் வாழ்வு’ என்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆயினும், ஆற்றுநர் கேட்க வேண்டிய வினா ஒன்றே: தம்மை எப்பெயரால் அழைக்க அவர் விரும்புகிறார்?

மூன்றாவது, கதை யாருக்கு உரியது என்பது. நம் மாணவர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் கேட்டவற்றை அறிக்கையாக எழுதி வகுப்பில் படிக்கின்றனர். 1964ஆம் ஆண்டின் புதுச்சேரிப் பட்டியல் சாதிகள் ஆணையின்படி, கிறிஸ்தவர் எனத் தம்மை அறிவிப்போர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. ஆகவே, சான்றிதழில் ஒரு பெயரும் ஆலயத்தில் மற்றொரு பெயருமாக வாழ்வோர் உளர். அவர்தம் கதை வெளிப்படின் கல்வியும் வேலையும் பறிபோகும். சொன்னவரின் இசைவின்றி ஓர் வரியும் வகுப்பறைக்குச் செல்லலாகாது.

கேட்டபின் செய்ய வேண்டுவது

எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. சிக்கல் மனிதருக்கு வெளியே உள்ளது என்கிறது இம்முறை. நம் நாட்டில் அது உருவகம் அன்று. சாதி உண்மையாகவே வெளியே உள்ளது. தெருவாகவும் கிணறாகவும் கல்லறைத் தோட்டமாகவும் கண்முன் நிற்கிறது. நியூசிலாந்தின் லோயர் ஹட் நகரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சார்பில் இயங்கிய குடும்ப மையத்தார் இதனை உணர்ந்தனர். வீடின்மையாலும் வேலையின்மையாலும் மனம் சோர்ந்தவரின் சோர்வை மட்டும் நீக்கி அனுப்புவது, அவரை வறுமைக்குப் பழக்குவதாகும் என அவர்கள் கண்டனர். எனவே நீதிக்கான பணியையும் ஆற்றுப்படுத்தலோடு இணைத்தனர்.

புதுச்சேரியின் வரலாறும் இதையே கற்பிக்கிறது. அந்நகரின் கத்தோலிக்கக் கோயிலில் பறையர் கிறிஸ்தவரைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745ஆம் ஆண்டில் பேசுகிறது. ஒடுக்கப்பட்டோர் குருவிடம் சென்று முறையிட்டனர். அவர் அதன் நியாயத்தை ஏற்றுச் சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறிஸ்தவர் சினந்தெழுந்தனர். முறையிட்டோரின் மனக்காயத்தைத் தனியறையில் ஆற்றிவிட்டுச் சுவரை விட்டுவைத்திருப்பின், அக்குரு செய்தது என்னவாயிருக்கும்? சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் இதனை அயலார் கதையென எண்ணுதற்கில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதியை விலக்குமாறு ஆணையிட்டபோது, அதனை ஏற்காது பிரிந்து நின்றோர் நம் சபைகளிலும் இருந்தனர்.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில், தீட்டுடையவள் எனத் தள்ளப்பட்ட பெண் தன் உண்மை முழுவதையும் சொல்கிறாள். ஜெப ஆலயத் தலைவனின் மகள் சாகுந்தறுவாயில் இருக்க, ஆண்டவர் வழியில் நின்று கேட்கிறார். செல்வாக்குடையோர் காத்திருக்கின்றனர். அவள் கதை திரள் நடுவே சொல்லப்பட்டதால், அவளைத் தள்ளி வைத்த சமுதாயமும் அதைக் கேட்கலாயிற்று.

ஆகவே, கதையாடல்வழி ஆற்றுப்படுத்தலை நம் கல்லூரிகள் கற்பிக்கட்டும். சாதியைப் பற்றிய கல்வியும், சபையின் நிருவாகத்தைச் சீர்தூக்கும் துணிவும் அதனோடு சேர்ந்தே கற்பிக்கப்படல் வேண்டும். ஒருவர் தம் துன்பக் கதையை நம்மிடம் சொல்லியபின் நாம் அதற்குக் கடன்பட்டோராகிறோம். அக்கடனை ஆயரின் அறையில் தொடங்கி, சபைக் குழுவின் கூட்டத்திலும் கல்லறைத் தோட்டத்தின் வாயிலிலும் தீர்க்கவேண்டியவர்கள் நாமே.