காது மெஷினும் பனியன் கம்பெனியும்

திருப்பூர் நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனிகளில் காது மந்தமானவர்கள் ‘கேக்குதுங்க, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல’ என்பார்கள். இதைவிடத் துல்லியமாக மருத்துவராலும் சொல்ல முடியாது. இரைச்சல் முதலில் பதம் பார்ப்பது, உட்காதில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான கூர்மையான ஒலிகளை வாங்கும் மயிர்ச்செல்களை. உயிரொலிகள் தப்பிவிடும், ச, த போன்றவை நழுவும். பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. இரைச்சல் மட்டுமே ஒருவரை முழுச் செவிடாக்குவது அரிது. வயதும் பழைய காதுச் சீழும் சேரும்போதுதான் நிலைமை முற்றுகிறது.

மிச்சமிருக்கும் செல்களை நம்பியே காது மெஷின் வேலை செய்கிறது. வீட்டுத் திண்ணையில், இருவர் பேச்சில், நன்றாகவே உதவும். அறுவை கிடையாது, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். கம்பெனியில் தையல் நடக்கும் பவர் டேபிள் வரிசையில்தான் சிக்கல். டிஜிட்டல் மெஷின்களின் இரட்டை மைக் எதிரில் வரும் பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். சூப்பர்வைசரோ முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவார். பஞ்சுத் தூசியும் வியர்வையும் மைக் துளையை அடைக்கும். கடைசியில் மெஷின் டிபன் பையில் உறங்கும். குறை கருவியுடையது மட்டுமல்ல. மருத்துவ முகாமில் மெஷினைக் கையில் கொடுத்துவிட்டு, வேலையிடத்துக்கு ஏற்றபடி திரும்பத் திரும்பச் சரிசெய்யாமல் விடுவதுதான் பெரிய குறை என்பேன்.

மயிர்ச்செல்களே போய்விட்டால் எவ்வளவு கூட்டினாலும் சத்தம்தான் மிஞ்சும். அங்கே, அறுவை செய்து உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் செவிநரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. 1984இல் அமெரிக்கா முதலில் இதை அனுமதித்தது பெரியவர்களுக்குத்தான். நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளை மனதில் வைத்தது. மொழி படியும் வயது என்பதால் அந்த முன்னுரிமையில் தப்பில்லை. ஆனால் பேசிப் பழகி, நடுவயதில் கேட்கும் திறனை இழந்தவருக்கு மூளையில் மொழி தயாராக இருக்கிறது. காலம் தாழ்த்தாமல் பொருத்தினால் பெரும்பாலும் நல்ல பலன். அவரை ஒதுக்குவதற்கு மருத்துவக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

இம்ப்ளான்டையும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. பாட்டு தகரம் தட்டுவதுபோலக் கேட்கும், இரைச்சலில் இதுவும் திணறும், மீந்திருந்த இயற்கையான கேட்கும் திறனும் போகலாம். வெளியே மாட்டும் பிராசசர் சில ஆண்டுகளில் பழசாகும். மாற்ற லட்சங்கள் வேண்டும். முதல் வருடம் தூண்டல் அளவைச் சரிசெய்யும் மேப்பிங்குக்கும் பயிற்சிக்கும் அடிக்கடி போய்வர வேண்டும். பீஸ் ரேட்காரருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. ஆபரேஷன் எஸ்டிமேட்டில் அந்தக் கூலி வருவதில்லை.