பூலாம்பாடி கடைத்தெருவை எப்படி ரசிப்பது?

முதலில் வண்டியை நிறுத்திப் பூட்டிவிடுங்கள். கடை வாசலில் பைக்கில் உட்கார்ந்தபடியே "ஒரு கிலோ சர்க்கரை" என்று குரல் கொடுத்து, இன்ஜினை அணைக்காமல் வாங்கிப் போகிறவருக்குச் சர்க்கரை கிடைத்துவிடும், கடைத்தெரு கிடைக்காது.

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைக்கு அருகே இருக்கும் சிறிய பேரூராட்சி பூலாம்பாடி. இந்த அளவுள்ள ஊரில் ஒரு வீட்டுக்கு வேண்டிய அநேகமாக எல்லாவற்றையும் நடந்தே வாங்கிவிடலாம். நடை என்பது மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 1.4 மீட்டர். நம் சிற்றூர்க் கடைகளின் முகப்பு பெரும்பாலும் பத்தடி, 3 மீட்டர். அப்படியானால் இரண்டு நொடிக்கு ஒரு புதுக் கடை கண்ணுக்கு முன்னால் வருகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் பைக்கில் போனால் நொடிக்கு மூன்று கடைகள் ஓடிவிடும், ஒன்றும் பதியாது. புறவழிச்சாலையோரத்துப் பெரிய அங்காடியின் 30 மீட்டர் முகப்பை நடந்து கடக்க இருபது நொடிக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் பார்ப்பது ஒரே கண்ணாடிச் சுவரைத்தான். தெரு கலகலப்பாக இருக்க 100 மீட்டருக்குப் பதினைந்து, இருபது கதவுகள் வேண்டும் என்று டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேல் கணக்கிட்டார். பத்தடிக் கடைகள் நெருக்கமாக நிற்கும் நம் தெருவில் அது முப்பதைத் தாண்டும்.

நடக்கும்போது கடைக்குள்ளே பார்ப்பதற்கு முன் வாசலைப் பாருங்கள். படி, சாய்ப்பு, வெளியே தொங்கும் வாளிகளும் கயிறுகளும், உட்கார ஒரு பெஞ்சு. பழைய கடை என்றால் பலகைக் கதவு இருக்கலாம். ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதியிருப்பார்கள், வரிசை மாறினால் பொருந்தாது. காலையில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்குவதைப் பார்க்கவேண்டும் என்றால் சீக்கிரம் போகவேண்டும். எனக்குப் பிடித்தது மாலை ஐந்து மணிக்கு மேல்: வெயில் இறங்கி, பூக்கட்டுகிறவர்களின் கை வேகம் பிடித்து, டீக்கடை பெஞ்சு நிறைந்திருக்கும் நேரம்.

ஆனால் இந்தத் தெருவின் உண்மையான செல்வம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. அதைப் பெற ஒரே வழி கேட்பது. நாட்டு மருந்துக் கடையில் போய், "பிள்ளைக்குச் சளிங்க" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை வயது, இருமல் ராத்திரியா பகலா, காய்ச்சல் உண்டா என்று திருப்பிக் கேட்பார். அதற்குப் பிறகுதான் சுக்கும் சித்தரத்தையும் அதிமதுரமும் தராசுக்கு வரும். காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறவரே நல்ல கடைக்காரர். விதை, உரக் கடையிலும் இப்படித்தான். பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும், பெரும்பாலும் மானாவாரி பூமி. விதைப்புக் காலத்தில் அந்தக் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால், எந்தப் பக்கம் மழை பெய்தது, எந்தக் காட்டில் புழு விழுந்தது என்று சுற்றுவட்டாரமே பேசும். உரப் பையை எந்த ஊரிலும் வாங்கலாம். உங்கள் காட்டின் மண்ணை அறிந்து "இதைப் போடாதீங்க" என்று தடுக்கும் ஆள் இங்கேதான் இருப்பார்.

கேட்டுவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். நூறு கிராம் கடுகு, இரண்டு முழம் பூ, ஒரு நூல்கண்டு, எதுவானாலும் சரி. சில்லறையாக ஆனாலும் தொடர்ந்து வாங்குகிறவர்களால்தான் சிறிய கடைகள் நிற்கின்றன. மாதச் சாமானை எல்லாம் பெரம்பலூரில் வாங்கிவிட்டு, தீப்பெட்டிக்கு மட்டும் உள்ளூர்க் கடைக்கு வருவது அந்தக் கடையை மெல்லக் கொல்லும் வழக்கம்.

இந்தப் பக்கத்திலிருந்து மலேசியா, சிங்கப்பூர் போய் வந்தவர்களுக்கு இன்னொரு தெரு நினைவுக்கு வரும். 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த சிங்கப்பூர் நகரத் திட்டத்தில், கடை வீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்று விதி இருந்தது. சிராங்கூன் சாலையில் மழையிலும் நனையாமல் கடை கடையாக நடக்க முடிவது அதனால்தான். நம் ஊர்களில் குறைவது அதுதான். கடைகளும் பேச்சும் இருக்கின்றன. நிழலும் கால் வைக்க ஓரமும் இல்லை, இருக்கும் ஓரத்தில் பைக்குகள் நிற்கின்றன. சென்னை பாண்டி பஜாரில் 2019இல் கோடிக்கணக்கில் செலவழித்து நடைபாதை வளாகம் அமைத்தார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு பக்கம் வண்டி நிறுத்தத் தடை, நான்கு வேப்பங்கன்று, தொடர்ச்சியான சாய்ப்பு போதும். பேரூராட்சியில் இதைக் கேட்கலாம், கேட்கவேண்டும்.

பொழுது மிச்சமிருந்தால் பக்கத்து அரும்பாவூருக்கு ஒரு தடவை போய் வாருங்கள். வாகை, மா, வேம்பு என்று ஒரே மரத்துண்டில் சாமி சிற்பங்கள் குடையும் பட்டறைகள் அங்கே இருக்கின்றன. 2020இல் இந்த மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பி உளியடிக்கும்போது நடுவில் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர் நிமிர்ந்து சிராயைத் தட்டும்போது, எந்த மரம், எத்தனை நாள் வேலை, யாருக்குப் போகிறது என்று கேளுங்கள்.