தேய்ந்த தட்டும் தேடும் கைகளும்

பழைய பொருள்கள் வாங்க வரும் தள்ளுவண்டிக்காரரிடம் நாம் எவற்றையெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கையில் நெஞ்சம் கூசுகிறது. ராசிங்காபுரத்தில் நம் வீட்டுப் பரணில் கிடந்த இசைத்தட்டுகள் ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கு ஈடாகப் போயின. தட்டைச் சுழற்றும் கருவி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன, ஒலிநாடாவும் வந்துவிட்டது, இனி இத்தட்டுகள் எதற்கு என்று நினைத்தோம். அவற்றை ஒத்த தட்டுகளை இன்று கடல் கடந்த நாட்டினர் தேடி அலைகிறார்கள். கிடைத்தவற்றைத் தூய்மை செய்து மறுவெளியீடாகக் கொணர்கிறார்கள். அந்த மறுவெளியீட்டையும் வரிசையாகச் சேர்த்து வைப்போர் இருக்கிறார்கள். நாம் குடத்துக்குக் கொடுத்ததை அவர்கள் கருவூலமாகக் கொள்வது ஏன்? அவர்கள் கேட்பதும் நாம் கேட்டதும் ஒரே பாட்டுத்தானா? இக்கட்டுரை இவ்விரு வினாக்களையும் சிந்திக்க முயல்கிறது.

மறக்கப்பட்ட தனிப்பாடல் தட்டுகளைத் தொகுத்து வெளியிடும் வழக்கத்துக்கு மேலைநாட்டில் ஒரு முன்னோடி உண்டு. 1972இல் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட 'நகெட்ஸ்' என்னும் தொகுப்பே அது. லென்னி கே என்பவர், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து மறைந்துபோன அமெரிக்க இளைஞர் குழுக்களின் பாடல்களைத் தேர்ந்தெடுத்து அதில் வரிசைப்படுத்தினார். விற்பனையில் தோற்றவை கலையிலும் தோற்றவை அல்ல என்பதை அத்தொகுப்பு நிறுவியது. தொகுப்பதும் ஒருவகைத் திறனாய்வே என்பதையும் அது உணர்த்தியது. எதை எடுப்பது, எதை விடுப்பது, எதன் பக்கத்தில் எதை வைப்பது என்று தீர்மானிப்பவர், ஒரு வரிகூட எழுதாமலேயே தம் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார். ஆகவே மறுவெளியீட்டைத் திறனாய்வாகவே கருதி அதன் நேர்மையை உரசிப் பார்க்கும் உரிமை நமக்கும் உண்டு.

தமிழ்நாட்டில் தனிப்பாடல் தட்டு என்பது பெரும்பாலும் திரைப்பாடல் தட்டாகவே இருந்தது. முதலில் வந்தவை நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழன்ற அரக்குத் தட்டுகள். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களும் சற்றுக் கூடுதலும்தான் அடங்கும். பின்னர் 45 சுற்றுகள் சுழலும் சிறிய தட்டுகள் பரவின. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாடல்கள் அதில் இடம்பெறும். படத்தில் ஆறு பாடல்கள் இருந்தால், இரண்டாவது தட்டு வெளிவந்தாலன்றி எஞ்சியவை படத்தோடு நின்றுவிடும். நம் இசை மறதியின் ஒரு பகுதி இவ்வாறு கணக்கினாலேயே நேர்ந்தது. ஆயினும் அச்சிறு தட்டில் ஒரு கண்ணியம் இருந்தது. நடுவே ஒட்டிய வட்டத்தாளில் படத்தின் பெயரோடு பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும் காணலாம். இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்களும் அப்பெயர்களை ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னே தெளிவாக உரைத்தார்கள். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் வழியாக, எழுத்தறியாத தோட்டத் தொழிலாளியும் பாடலாசிரியரின் பெயரை அறிந்திருந்தார்.

இப்பின்னணியோடு ஒரு மறுவெளியீட்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 'சொல்லச் சொல்ல' என்னும் பெயரில் இளையராஜாவின் திரைப்பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. 1977 முதல் 1983 வரையிலான மின்னணுப் பாப் ஒலி என்று அதன் துணைத்தலைப்பு அறிவிக்கிறது. போடியிலிருந்து ராசிங்காபுரம் வழியாகத் தேவாரம் சென்று, அதையும் கடந்தால் வருவது பண்ணைப்புரம். அங்கே 1943இல் பிறந்தவரின் பாடல்கள் ஆங்கிலேயர் ஒருவரின் அலமாரியில் அருங்கலையாக வீற்றிருப்பது எண்ணி மகிழத்தக்கதே.

இந்த ஆர்வம் திடீரென முளைத்ததன்று. 2003இல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழுவினர் 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப் பாடல் ஒன்றின் துணுக்கைத் தம் பாட்டில் கோத்தனர். 2007இல் இலண்டன் வாழ் ஈழத்தமிழ்ப் பாடகியான எம்.ஐ.ஏ. 'தளபதி' படப் பாடல் ஒன்றை அவ்வாறே கையாண்டார். துணுக்கைக் கேட்டவர்கள் மூலத்தைத் தேடினார்கள். தேடியவர்களுக்கு விடையாகத் தொகுப்புகள் வந்தன.

இத்தொகுப்பு நமக்குச் செய்த நன்மையை முதலில் ஒப்புக்கொள்வது அறம். நாம் அப்பாடல்களைக் கேட்ட காலத்தில் சொல்லைக் கேட்டோம். பாடியவரின் குரலைக் கேட்டோம். கண்முன் நடிகரின் முகத்தைக் கண்டோம். பின்னணியில் ஓடிய அடிநாதக் கிதாரையோ, புதிதாக வந்திருந்த மின்னணு இசைக்கருவியின் வண்ணங்களையோ, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே நெய்யப்பட்ட வயலின்களின் அடுக்கையோ தனியே கவனித்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஒலிபெருக்கிக் கூம்பின் வழியே கேட்டவர்க்கு அவை செவியில் விழுந்திருக்கவும் வழியில்லை. நம் பங்குத் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் வேப்பமரத்தில் கட்டிய அக்கூம்பு, நடுத்தர ஒலிகளை மட்டுமே உரக்கச் சொல்லும். தாழ்ந்த ஒலியும் நுண்ணிய ஒலியும் அதில் தங்கா. மொழி தெரியாத அயலார், சொல்லின் துணை இல்லாத காரணத்தாலேயே, நாம் தவறவிட்ட கைவேலையைக் கண்டுகொண்டார்கள். இது அவர்கள் நமக்கு அளித்த கொடை.

ஆனால் அதே காரணமே அவர்களுடைய குறையுமாகிறது. 'சொல்லச் சொல்ல' என்று பெயரிட்டவர்களுக்குச் சொல் வேண்டியிருக்கவில்லை. மின்னணு ஒலி எங்கே துள்ளுகிறதோ அங்கே அவர்கள் கை நீள்கிறது. போடியின் கிடங்குகளில் பெண்கள் ஏலக்காயைத் தரம் பிரிப்பதைப் பார்த்திருக்கிறோம். பருமனான பச்சைக் காய் ஒரு பக்கம், வெளிறியதும் வெடித்ததும் மறுபக்கம். ஏலத்தில் முதல் விலை பச்சைக் காய்க்கே. ஆயினும் வெடித்த காயும் அதே மலையில் அதே மழையில் விளைந்தது, மணமும் உடையது. ஒலியின் புதுமை என்னும் ஒரே சல்லடையால் சலித்தால், அக்காலத்துத் தாலாட்டும் ஒப்பாரிச் சாயலும் நாற்று நடவின் மெட்டும் கீழே உதிர்ந்துவிடுகின்றன. கிராமத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் நகரத்தின் கருவிகளைக் கையாண்ட வியப்பு, கிராமத்தை நீக்கிய பின் பாதியாகிவிடுகிறது. ஆக, நாம் சொல்லைக் கேட்டு ஒலியை விட்டோம். அவர்கள் ஒலியைக் கேட்டுச் சொல்லை விட்டார்கள். இரண்டும் அரைச் செவிதான்.

உள்நாட்டு மறுவெளியீடு இக்குறையை நீக்கியதா? கிராமபோன் கம்பெனியின் வழித்தோன்றலான சரிகம நிறுவனம் 2017இல் 'கார்வான்' என்னும் பெட்டியை அறிமுகப்படுத்தியது. ஆயிரக்கணக்கான பழைய பாடல்களை உள்ளடக்கிய அப்பெட்டியைப் பிள்ளைகள் தம் பெற்றோருக்குப் பரிசளித்தார்கள். தனிமையில் வாழும் முதியோர்க்கு அது ஆறுதலாக இருப்பதை நாம் குறை கூறோம். எனினும் அப்பெட்டி நினைவில் இருப்பதையே மீண்டும் நினைவூட்டுகிறது, மறந்ததை மீட்பதில்லை. அயல்நாட்டுத் தட்டு அறியாததைத் தருகிறது, பொருளை விட்டுவிடுகிறது. உள்நாட்டுப் பெட்டி பொருளோடு தருகிறது, அறிந்ததை மட்டுமே தருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே விழுந்தவர்கள் எத்தனை பேர்!

ஜென்சியை நினைவுகூர்வோம். கேரளத்திலிருந்து வந்த அப்பாடகி 'பிரியா', 'நிறம் மாறாத பூக்கள்', 'ஜானி', 'உல்லாசப் பறவைகள்', 'அலைகள் ஓய்வதில்லை' என 1978 முதல் 1981 வரை வந்த படங்களில் பாடினார். பின்னர்த் தம் ஊரில் இசை ஆசிரியர் பணியைத் தொடர்வதற்காகத் திரையுலகிலிருந்து விலகினார். தமிழில் அவர் பாடியவை எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பயிற்சியின் பளபளப்பு ஏறாத, பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் போன்ற அந்த எளிமை வேறெவரிடமும் கிடைக்காதது. பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. பாடியவர் யாரெனக் கேட்டால் பலரும் வேறொரு புகழ்பெற்ற பெயரைச் சொல்கிறார்கள். பாட்டு மறக்கப்படாமல் பாடியவர் மறக்கப்படுவதும் ஒருவகை மறதியே.

திரைப்படத்தைச் சாராத தமிழ்ப் பாப் பாடல்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இலங்கையில் நித்தி கனகரத்தினம் முன்னோடியாக நின்று வளர்த்த அம்மெல்லிசை, கிதாரையும் பைலாத் தாளத்தையும் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழோடு இணைத்தது. சிலோன் மனோகர் என்று நாம் அழைத்த ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. 2018இல் அவர் சென்னையில் மறைந்தபோது, அந்த ஒரு பாட்டைக் கொண்டே பலரும் அவரை அடையாளம் கண்டார்கள். மற்றப் பாடல்களோ பெரும்பாலும் தனியார் பெட்டிகளில் கீறல் விழுந்த தட்டுகளாகவே எஞ்சின. போரும் புலப்பெயர்வும் கண்ட ஒரு சமூகத்தில் இசைத்தட்டைச் சுமந்து செல்ல யாரால் இயன்றிருக்கும்? அங்கே ஒரு தட்டை மீட்பது, ஒரு தெருவின் மாலைப்பொழுதை மீட்பதற்கு ஒப்பாகும்.

அவ்வாறாயின் நல்ல மறுவெளியீடு எது? மூன்று அளவுகோல்களை முன்வைக்க விழைகிறோம்.

முதலாவது, ஒலியில் உண்மை. மூல நாடா அழிந்துவிட்ட இடத்தில், எஞ்சிய தட்டுகளுள் சிறந்ததைச் சுழலவிட்டே படியெடுக்க வேண்டியுள்ளது. அதன் கரகரப்பைக் கணிப்பொறியால் அளவுக்கு மீறி நீக்கினால் குரலின் மூச்சும் உடன் நீங்கிவிடும். கீறல் சற்று இருக்கட்டும், உயிர் போகாதிருக்கட்டும்.

இரண்டாவது, பெயரும் பொருளும். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் மட்டுமல்லர். குழலும் கிதாரும் வாசித்த கைகளின் பெயர்களையும் தேடிக் கண்டு அச்சிட வேண்டும். அயலார் வாங்கும் தட்டில் பாட்டின் பொருள் அவர்கள் மொழியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, உரியவர்க்கு உரியது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ரோட்ரிகஸ் 1970இலும் 1971இலும் இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டார். அவை தாய்நாட்டில் விலைபோகவில்லை. அவர் கட்டட இடிப்பு வேலைக்குப் போனார். தென்னாப்பிரிக்காவிலோ அவர் பாட்டு வீடுதோறும் ஒலித்தது; அது அவருக்குத் தெரியாது; அதற்குரிய தொகையும் அவர் கைக்கு வரவில்லை. 2008இல் அவருடைய முதல் தட்டு மறுவெளியீடு கண்டது. 2012இல் வந்த ஆவணப்படம் அவரை உலகறியச் செய்தது. கேட்பவரின் இன்பம் படைத்தவரின் உலைக்கு அரிசியாகவும் மாற வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. நம் நாட்டிலும் 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், திரைப்பாடலை எழுதியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் வருவாயில் பங்கு உண்டு என்று உறுதி செய்தது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் படைத்தவரின் பெயரே தெரியாத இடத்தில் பங்கை யாரிடம் கொண்டு சேர்ப்பது?

அமெரிக்காவில் 1987க்குப் பின் முதன்முறையாக 2022இல் குறுந்தகடுகளைக் காட்டிலும் இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் மிகுதியாக விற்றன. தட்டு திரும்பி வந்துவிட்டது என்று மகிழ்வோர் உண்டு. சேகரிப்பு என்பது உறை பிரிக்காத தட்டை அடுக்கி வைத்து விலை ஏறக் காத்திருப்பதாக முடியுமானால், அது பரணில் போட்டு மறந்த நம் செயலைவிட எவ்வகையில் மேலானது? நாம் கேளாமல் இழந்தோம். அவர்கள் கேளாமல் வைத்திருக்கிறார்கள்.

இன்றும் விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையில் வளைந்து ஏறுகின்றன. அவற்றில் பழைய பாடல்கள் ஒலிக்கின்றன. முன்பு ஒலிநாடாவில் ஒலித்தவை, இன்று விரல் அளவே உள்ள நினைவகத்தில் நூற்றுக்கணக்காக அடங்கிவிட்டன. ஆனால் அதில் வட்டத்தாள் இல்லை. பெயர்களை உரைக்கும் அறிவிப்பாளரும் இல்லை. பனியில் போர்வைக்குள் ஒடுங்கி அமர்ந்த பெண்கள் அடுத்த அடியைத் தாமே பாடி முடிக்கிறார்கள். சொல்லையும் ஒலியையும் பிரிக்காமல் கேட்கும் முழுச் செவி அங்கேதான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அவர்களிடம் இல்லாதது ஒன்றே: அப்பாட்டை ஆக்கியவர்களின் பெயர்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தட்டு கிடக்கலாம். அதை இயக்கக் கருவி இல்லாமலிருக்கலாம். தூசியைத் துடைத்து, நடுவட்டத்தில் உள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள சிறியவர் ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மறுவெளியீடு அங்கேயே தொடங்கிவிடும். குடத்துக்குக் கொடுத்துவிட்ட நமக்கு அந்த வாய்ப்பும் இல்லை.