ஒற்றை மீற்றருக்குப் பக்கத்தில்

மொறிஸ் மைனர் 1000 காரில் முதன்முறை ஏறிக் குந்துபவரின் கண் ஸ்பீடோமீற்றரைத் தேடும். ஸ்ரியறிங்குக்கு நேரே அது இருக்காது. டாஷ்போட்டின் நட்டநடுவில் பெரிய வட்டமாக, வீட்டுச் சுவர் மணிக்கூட்டைப் போல இருக்கும். பெற்றோல் முள்ளும் அந்த வட்டத்துக்குள்ளேயே அடக்கம். ஒயில் அழுத்தம் விழுந்தால் எரிய ஒரு சின்ன விளக்கு, பற்றரி சார்ஜ் ஏறாவிட்டால் எரிய இன்னொன்று. எஞ்சின் எவ்வளவு சூடு என்று சொல்ல மட்டும் எதுவுமில்லை. பொனற்றுக்கு மேலால் ஆவி கிளம்பினால்தான் சங்கதி தெரியவரும்.

1948 இல் அறிமுகமான மைனரும் அதன் சமகாலத்து ஒஸ்ரின் ஏ 40 உம் யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகின்றன. தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனிடம் அப்படியொரு காரில் போய் இறங்குவதில் தனிப் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடு ஒரு ஆசையும் சேர்ந்துகொள்கிறது: இரண்டு புது மீற்றர், நல்ல சீற் கவர், பாட்டுக் கேட்க ஒரு செற், போனுக்கு ஒரு யூஎஸ்பி. எல்லாவற்றையும் கராஜில் விடாமல் தன் கையாலேயே பூட்டிப் பார்க்க வேண்டும். இந்த ஆசையில் பாதி நியாயமானது. மறுபாதிதான் வயரை எரிக்கிறது.

நியாயமான பாதிக்கு யாழ்ப்பாணத்தின் சொந்த வரலாறே சாட்சி. 1990 இல் போர் மீண்டும் மூண்டு ஏ9 பாதை மூடப்பட்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. பழைய கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊருக்கு இது பெரிய வித்தையல்ல. ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. மிஞ்சியது பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வடிந்து ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். டாஷ்போட்டில் உள்ள சின்ன விளக்கோ அழுத்தம் அறவே விழுந்தபின்தான் எரியும். முள் உள்ள ஒயில் மீற்றர் இருந்திருந்தால், நாளுக்கு நாள் அது கீழிறங்குவதைப் பார்த்தே ஒயிலை மாற்றியிருக்கலாம்.

ஆகவே முதலில் பூட்டத்தக்கவை ஒயில் அழுத்த மீற்றரும் வெப்ப மீற்றரும்தான். 1962 இல் வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் இவ்விரண்டும் பிறப்பிலேயே இருந்தன. வேகத்துக்காகச் செய்த காருக்குக் கிடைத்த அந்த வசதி, வெயிலில் நெரிசலுக்குள் ஊரும் குடும்பக் காருக்குத்தான் கூடுதலாகத் தேவை என்பது வேடிக்கை. பழைய வகை ஒயில் மீற்றர் மெல்லிய குழாய் வழியாகச் சூடான ஒயிலையே டாஷ்போட்டுக்குப் பின்னால் கொண்டுவரும். குழாய் வெடித்தால் அது ஓட்டுபவரின் காலில்தான் கொட்டும். எஞ்சினில் சென்சர் பூட்டி வயரால் வரும் வகையே மேல். அம்மீற்றரை விட வோல்ற்மீற்றர் நல்லது: முன்னையதற்குக் காரின் மின்னோட்டம் அவ்வளவும் உள்ளே வந்து போகவேண்டும், பின்னையதற்கு மெல்லிய வயர் போதும்.

இனி எரிகிற பாதி. மைனரில் பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கிறது. இன்று கடையில் வாங்கும் செற், சார்ஜர், டிஜிற்றல் மீற்றர் பெரும்பாலும் மைனஸ் உடம்போடு இருக்குமென்று நம்பிச் செய்யப்பட்டவை. செற்றின் வெளித்தகடே அதன் மைனஸ். வயர் கொடுத்துவிட்டு அதை டாஷ்போட்டில் திருகாணியால் இறுக்கும் கணத்தில் இரு முனைகளும் முட்டிக்கொள்ளும். அந்தக் காரில் இருப்பது இரண்டே இரண்டு பியூஸ், ஒவ்வொன்றும் 35 அம்பியர். பெரிய லைற்றுக்கு அதுவும் இல்லை. புதிதாக இழுத்த நூல் வயர் பியூஸுக்கு முன்னமே சிவந்து உருகிவிடும். டைனமோ தருவதும் 20 அம்பியர் அளவுதான். பூட்டுகிற ஒவ்வொரு அலங்கார விளக்கும் அதில் ஒரு பங்கு கேட்கும்.

தொண்டைமானாற்றில் இன்னொரு எதிரியும் உண்டு. உப்பை ஏற்றிப்போகச் சோழத் தளபதி கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் ஆறு இது. கடற்காற்றிலும் அந்த உப்புத்தான். டாஷ்போட்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து ரோச் அடித்துப் பார்த்தால், முறுக்கி ரேப் சுற்றிய செம்பு மூட்டுகள் பச்சை பூத்திருக்கும். மீற்றர் முள் துடிப்பதற்கு மீற்றரைக் குறைசொல்லிப் புதிது வாங்குவோர் பலர். ஏர்த் வயரின் நுனியை உப்புத்தாளால் தேய்த்து, ஈயம் ஒற்றி, கிறீஸ் பூசினால் பெரும்பாலும் முள் அடங்கிவிடும். தன் கையால் செய்வதன் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. கராஜுக்குக் கொடுக்கும் கூலி மிச்சமாவது சிறுவிஷயம். எந்த வயர் எங்கே போகிறதென்று தெரிந்தவர் நடுவழியில் நிற்கமாட்டார்.

ஜப்பானிலிருந்து வந்த கார்களின் கதை வேறு. அங்கே எஃப்எம் அலைவரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி இங்கேயுள்ளதை விடத் தாழ்வாகவே முடிந்துவிடுவதால், அந்தச் செற்றில் இலங்கையின் நிலையங்களில் பெரும்பாலானவை அகப்படா. இந்தக் கார்களில் செற்றை மாற்றுவது ஆடம்பரமாகாது. ஆனால் அந்தக் கார்களில் காற்றுப்பைகள் உள்ளன. அழகுக்காக ஸ்ரியறிங்கை மாற்றினால் அதிலுள்ள பை போய்விடும். சீற்றின் ஓரத்திலிருந்து விரியும் பைக்கு இறுக்கமான சீற் கவர் தடை. டாஷ்போட்டில் ஒட்டிய வேலும் மயிலும் அதன் மூடிக்கு மேலே இருந்தால், பை விரியும்போது முகத்துக்கு வருவது அவைதான். 2025 ஜனவரியில் பொலிசார் பஸ், முச்சக்கர வண்டிகளின் மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொன்னபோது எதிர்ப்புக் கிளம்பியது. பிழைப்பு வண்டியை அழகாக வைத்திருப்பவரின் கோபம் விளங்கக்கூடியதே. இருந்தும் கண்ணாடியை மறைக்கும் தொங்கலுக்கும் கண்ணைக் கூசவைக்கும் விளக்குக்கும் வாதாட முடியாது.

மைனரின் நடு வட்டத்தில் எண்கள் மைலில் இருக்கின்றன. வீதியில் எல்லை கிலோமீற்றரில். ஊருக்குள் 50 என்றால் முள் 31 இல் நிற்கவேண்டும். வெளியே 70 என்றால் 43 ஐச் சற்றே தாண்டலாம். மீற்றர்க் கண்ணாடியில் அந்த இரண்டு இடத்திலும் சிவப்பு நகப்பூச்சால் ஒவ்வொரு கோடு இழுக்கலாம். வயர் வேண்டாம், பியூஸ் வேண்டாம், காய ஐந்து நிமிடம்.