வெண்ணெய் மணமும் வெறும் புகழும்

விருத்தாசலத்தில் பீங்கான் ஊறுகாய் ஜாடி வாங்குபவர் விரலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நன்றாக வெந்தது. மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல். கடைக்காரர் என்ன புகழ்ந்தாலும் ஜாடியே சாட்சி சொல்லிவிடும். ஒயின் பாட்டிலுக்கு அந்த வசதி இல்லை. மூடி திறக்கும்வரை வாங்குபவர் கையில் இருப்பது வர்ணனை ஒன்றுதான்.

ஓக் பீப்பாயில் முதிரவிட்ட ஷார்டனே போன்ற கனமான வெள்ளை ஒயினை வர்ணிப்பவர்கள் வெண்ணெய், வெனிலா என்றெல்லாம் எழுதுவார்கள். படிக்க ஜோடனையாகத் தோன்றும். ஆனால் திராட்சையின் மாலிக் அமிலத்தை பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக்கும்போது டைஅசிட்டைல் உண்டாகிறது; வெண்ணெய் மணம் அதனுடையது. வெனிலா, தீயில் வாட்டிய ஓக் மரம் தருவது. நாவில் உணரும் கனத்துக்கு ஆல்கஹாலும், அடியில் படிந்த ஈஸ்ட் மண்டியோடு மாதக்கணக்கில் கிடந்ததும் காரணம். செய்முறையில் வேர் உள்ள இத்தகைய சொற்களே ஒயின் வர்ணனைக் கலையின் பலம். 1984இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் உருவாக்கிய மணச் சக்கரமும் இதற்குத்தான் முயன்றது: பொதுவான மணத்திலிருந்து குறிப்பான மணத்துக்கு வழிகாட்டியது, 'நேர்த்தி' போன்ற மங்கலான புகழ்ச்சியைச் சேர்க்கவில்லை.

விற்பனைக் குறிப்புகளோ அந்தப் புகழ்ச்சியை விடுவதாயில்லை. கம்பீரம், ஆழம் என்று அடுக்குகின்றன. அவை தரும் பழ மணங்களின் பட்டியலையும் அப்படியே நம்பிவிட முடியாது. பிரான்சின் போர்தோவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை 54 ஒயின் மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். பயிற்சி பெறும் மூக்கே கண் சொல்வதைக் கேட்கிறதென்றால், அவசரத்தில் எழுதும் விளம்பரக்காரர் எம்மாத்திரம்!

இதைவிடப் பெரிய குறை, அவர்கள் சொல்லாமல் விடுவது. கனமான ஒயினில் புளிப்பு குறைந்தால் சப்பென்றிருக்கும். ஓக் மிஞ்சினால் மரத்தூளைக் குடித்தது போலாகும். இதை எந்த விற்பனையாளரும் எழுதுவதில்லை. வர்ணனையே இல்லாத விற்பனையும் நமக்குப் பழக்கம்தான். தமிழ்நாட்டில் 2003 முதல் அரசின் டாஸ்மாக்கே சில்லறை மதுக்கடை நடத்துகிறது. பிராண்டைச் சொன்னால் பாட்டில் வரும், அவ்வளவுதான். அதற்கு மிகைவர்ணனையே மேல் என்பேன்; அதிலாவது இரண்டு சொல் தேறும்.

எனக்கு விற்க வருபவர் இப்படி எழுதட்டும்: 'ஆல்கஹால் 14 சதவீதம். ஓக்கில் பத்து மாதம். புளிப்பு குறைவு. 12 டிகிரியில் பரிமாறவும். அதைவிடக் குளிர்ந்தால் மணம் அடங்கும். தேங்காய்ப்பால் ஊற்றிய இறாலுக்குப் பொருந்தும். மிளகாய் தூக்கலான குழம்பென்றால் தொண்டை எரியும், வாங்க வேண்டாம்.'