நடந்தவர் குரல்

2018ஆம் ஆண்டில் மும்பைத் தமிழராகிய நாம் இரண்டு ஊர்வலங்களைக் கண்டோம். மார்ச்சுத் திங்களில் நாசிக்கிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து வந்த உழவர்கள், மறுநாள் தேர்வெழுதும் மாணவர்க்கு இடையூறு நேரலாகாது என்று, இரவோடிரவாக நகரைக் கடந்து ஆசாத் மைதானத்தை அடைந்தனர். மே 22ஆம் நாள், தாமிர உருக்காலையை மூடவேண்டுமென்று நூறு நாள் போராடிய தூத்துக்குடி மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தனர். அன்றும் மறுநாளும் காவல்துறை சுட்டதில் 13 பேர் மாண்டனர். முதல் ஊர்வலத்தைத் தெருவில் கண்டோம். இரண்டாவதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் கண்டோம். ஆயினும் இரண்டாவது நிகழ்ந்த ஊரே நம்முள் பலருக்குப் பெற்றோர் பிறந்த ஊர்.

அந்நாளில் நம் இல்லங்களில் எழுந்த கேள்வி ஒன்றுண்டு. நடந்தவர்கள் யாவர்? தலைவர்களின் பேச்சு செய்தியில் வந்தது. ஆலையாரின் மறுப்பும் வந்தது. அரசின் விளக்கமும் வந்தது. காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்ட பெண் என்ன நினைத்து நடந்தாள் என்பது மட்டும் வரவில்லை. செய்தித்தாள் சொல்லாததைச் சொல்லுவது இலக்கியத்தின் கடமை. அக்கடமையை நம் தமிழ் எவ்வளவு தூரம் ஆற்றியிருக்கிறது என்பதை, அதே தென்பாண்டிச் சீமையைச் சார்ந்த எழுத்துகள் சிலவற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரும் வணிக நிறுவனத்தை எதிர்த்து மக்கள் திரண்ட வரலாறு தூத்துக்குடிக்குப் புதிதன்று. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் தனியாட்சியை எதிர்த்து 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். 1908 பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது ஒன்பது நாள் நீடித்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. ஆலையின் பக்கம் நின்றவர்க்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்தனர். சலவைத் தொழிலாளர் துணி எடுக்க மறுத்தனர். மார்ச்சு 9ஆம் நாள் விபின் சந்திர பாலரின் விடுதலையைத் தடையை மீறிக் கொண்டாடினர். 12ஆம் நாள் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். மறுநாள் கடைகள் அடைபட்டன. ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை விட்டு வெளியேறினர். திருநெல்வேலியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சி இலக்கியத்தில் எவ்வாறு பதிந்தது? பாரதியார் இரண்டு பாடல்கள் பாடினார். ஒன்றில் கலெக்டர் விஞ்ச் துரை பிள்ளையைப் பார்த்துப் பேசுகிறார்; மற்றொன்றில் பிள்ளை விடை கூறுகிறார். வெள்ளை அதிகாரியின் சினத்தை அவன் வாயாலேயே கேட்கச் செய்து, அச்சினத்தைப் பிள்ளையின் பெருமைக்குச் சான்றாக்கிய திறம் வியந்து போற்றத்தக்கது. ஆனால் இருவர் பேசும் அந்த உரையாடலில், கூட்டம் குற்றச்சாட்டின் ஒரு பகுதியாக மட்டுமே வருகிறது. யாரைத் திரட்டினாய் என்று அதிகாரி சினக்கிறானோ, அவர்கள் வாய் திறப்பதில்லை.

பிள்ளையவர்கள் சிறைவாழ்வின்போது எழுதத் தொடங்கிய சுயசரிதை அகவற்பாவால் ஆனது. 1936இல் அவர் மறைந்த பின்னரே அது நூலுருப் பெற்றது. தாம் கண்டதையும் செய்ததையும் பட்டதையும் ஒளிக்காமல் உரைக்கும் அரிய நூல் அது. தன்வரலாறு ஆதலின் அதில் தலைவரின் குரல் ஓங்கி நிற்பது இயல்பே. அதனைக் குறையென்று கூறுதல் முறையன்று. எனினும் ஓர் உண்மையை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். 1908இன் கதை நமக்கு வந்து சேர்ந்தது, மேடையில் நின்றவரின் வழியாகவே. மேடைக்குக் கீழே நின்றவரின் வழியாக அன்று.

நம் மரபில் இதற்கு வழியே இல்லையா எனின், உண்டு. சிலப்பதிகாரத்தை நோக்குக. ஒற்றைச் சிலம்பேந்தி நீதி கேட்கப் போகும் கண்ணகியின் நடையை ஒரு பெண் தனியே நடத்திய ஊர்வலம் எனலாம். அவள் எதிர்த்தது அரசனையே அன்றி வணிக நிறுவனத்தை அன்று. ஆயினும் இளங்கோவடிகள் அவளை நேரே அரண்மனை வாயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடவில்லை. இடையில் ஊர்சூழ்வரி என்னும் காதையை வைத்தார். அங்கே மதுரைத் தெருவில் நின்ற மக்கள் அவளைக் கண்டு கலங்குகின்றனர். கோல் கோடியதோ என்று தமக்குள் வருந்துகின்றனர். ஊர் பேசிய பிறகே கண்ணகி அரசன்முன் பேசுகிறாள். தெருவின் குரலைக் கேட்காமல் அவைக்குச் செல்லலாகாது என்னும் நெறியை அடிகள் அன்றே காட்டிவிட்டார். ஊர்வலத்தைப் பாடும் எந்தப் படைப்பையும் நாம் மதிப்பிட இதுவே உரைகல் ஆகும்.

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கும்போது நாவல் என்னும் புதிய வடிவம் கவிதையினும் மேம்பட்டு நிற்பதைக் காண்கிறோம். தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953இல் வெளிவந்தது. செக் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. நெல்லைச் சீமைக் கைத்தறி நெசவாளரின் துயரே அதன் பொருள். நூல் விலை ஏறுகிறது, தறி நிற்கிறது, அடுப்பு அணைகிறது. நெசவாளர் ஏன் ஒன்றுகூடினர் என்பதை ஆசிரியர் சொற்பொழிவால் விளக்கவில்லை. நின்றுபோன தறியைக் காட்டி விளக்குகிறார்.

இராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அவர் தூத்துக்குடி உப்பளங்களுக்கே சென்று, உழைப்பவரோடு பழகி, அவர்தம் பேச்சையும் வாழ்வையும் அறிந்து எழுதியவர். கண்ணைப் பறிக்கும் வெண்மை, உப்புநீரில் வெடித்த பாதம், பெண்ணுக்கு வேலையோடு சேர்ந்து வரும் அவமதிப்பு ஆகிய அனைத்தும் அந்நாவலில் உண்டு. சில இடங்களில் கள ஆய்வுக் குறிப்புகள் கதையை முந்திக்கொண்டு செல்கின்றன என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் பொன்னாச்சி என்னும் இளம்பெண்ணை நாம் மறப்பதற்கில்லை. உரிமை கேட்டு நிமிர்வதற்கு முன் அவள் எத்தனை முறை தலை குனிந்தாள் என்பதை அறிந்த வாசகனுக்கே அந்த நிமிர்வின் விலை தெரியும். அந்தப் பாதங்கள் நடந்தால் அந்நடைக்கு என்ன பொருள் என்பதும் அவனுக்கே விளங்கும்.

வரலாற்றாசிரியர் ஒருவரையும் இவண் குறிப்பிடல் வேண்டும். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்னும் நூலுக்கு 2024ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. தலைப்பிலேயே எழுச்சியை முன்னும் தலைவரை அதனருகிலும் நிறுத்தியது பொருத்தமே. கவிஞர் பாடாது விட்ட தெருவை ஆவணங்களின் துணைகொண்டு அவர் மீட்டிருக்கிறார்.

2018 நிகழ்ச்சிக்குப் பின் நடந்தவை யாவரும் அறிந்தவை. மே 28ஆம் நாள் அரசு ஆலையை மூட ஆணையிட்டது. நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. ஆணையும் அறிக்கையும் தீர்ப்பும் வரலாற்றுக்கு இன்றியமையாதவை. ஆனால் 1908இல் மாண்ட நால்வர் நம் நினைவில் வெறும் எண்ணாகிவிட்டதுபோல, இந்தப் பதின்மூவரும் நூறாண்டு கழித்து எண்ணாகிவிடக் கூடாது. ஆலையால் பிழைப்புப் பெற்றுப் பின் அதனை இழந்தவரின் குடும்பமும் அந்த ஊரில்தான் இருக்கிறது. அவர்தம் குரலையும் சேர்த்துக் கேட்கும் நெஞ்சுரம் படைத்த எழுத்தே ஊர் பேசும் எழுத்தாக அமையும்.

ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்துவிட்ட நமக்கு இதில் ஒரு பங்குண்டு. நம் பிள்ளைகள் வ.உ.சி.யைச் சிலையாகவும் விழாத் தலைப்பாகவும் மட்டுமே அறிந்திருக்கின்றனர். நம் வீட்டு முதியோர் சிலர் உப்பளத்திலோ ஆலையிலோ தறியிலோ வேலை செய்தவர்கள்; கொடி பிடித்து நடந்தவர்களும் அவருள் உண்டு. எத்தனை மணிக்கு எழுந்தார்கள், என்ன உண்டார்கள், எதற்கு அஞ்சினார்கள், ஏன் அஞ்சாமல் நடந்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம். அவர்கள் சொல்லாமலே மறைந்தால் அந்தக் குரலை எந்த ஆவணமும் நமக்கு மீட்டுத் தராது. நடந்தவர் சொல்ல, நம் சங்கம் கேட்டு அச்சிடுமானால், அடுத்த மலரில் இக்கட்டுரையினும் சிறந்த பக்கங்கள் அவையாகவே இருக்கும்.