நட்சத்திரத்துக்கு மாற்று உரைத்தல்

இரவு வானத்தைப் பகலில் பார்க்க வேண்டுமானால், ஒரு கண்ணாடித் தட்டும் அதன் பின்னே சிறிது வெளிச்சமும் இருந்தால் போதும். தொலைநோக்கியின் குவியத்தில் சில மணி நேரம் நிறுத்தி, இருட்டறையில் திராவகங்களில் குளிப்பாட்டி, கழுவி உலர்த்திய அந்தத் தட்டை ஜன்னலோரமாகத் தூக்கிப் பிடித்தால், ஆகாயம் வெளுத்தும் நட்சத்திரங்கள் கறுத்தும், சலவை வேட்டியில் யாரோ எள்ளை இறைத்துவிட்டாற்போல ஒரு விபரீத வானம் கண்ணுக்குப் புலப்படும். புதிதாகப் பார்ப்பவர் அதைத் துடைத்துவிடலாமா என்றுகூட நினைப்பார். ஆனால் அந்த எள்ளுப் புள்ளிகளில் இன்னது, சென்ற மாதத்துத் தட்டில் இருந்ததைவிட இத்தனை பங்கு பருத்திருக்கிறது, அதற்கு முந்தைய தட்டில் இருந்ததைவிட இத்தனை பங்கு இளைத்திருக்கிறது என்று கண்ணாலேயே மட்டிட்டு எழுதிவைக்கும் வித்தை ஒன்று ஏறக்குறைய நூறு வருஷ காலம் வழங்கி வந்தது. அதைச் சாஸ்திரம் என்று வானநூலார் சொல்வார்கள். எனக்கோ அது கைவினையாகவும், அதற்கும் ஒரு படி மேலே ரசனையாகவும் தோன்றுகிறது.

நம் ஊர்ப் பத்தர் பொன்னுக்கு மாற்றுப் பார்ப்பதை அருகிலிருந்து கண்டவர்களுக்கு இந்த வித்தையின் சூட்சுமம் உடனே விளங்கிவிடும். ஐயத்துக்குரிய நகையை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, அதன் பக்கத்திலேயே மாற்று தெரிந்த உரையாணிகளை ஒவ்வொன்றாக இழுத்து, இந்தக் கோட்டின் நிறம் ஒன்பது மாற்றுக்குச் சற்று மேலாகவும் ஒன்பதரைக்குச் சற்றுக் கீழாகவும் நிற்கிறது என்று அவர் சொல்லும்போது, அவரிடம் தராசுமில்லை, அளவுகோலுமில்லை; தெரிந்த இரண்டுக்கு நடுவே தெரியாத ஒன்றை நிறுத்திப் பார்க்கும் கண் மட்டுமே இருக்கிறது. நட்சத்திரத் தட்டைப் படித்தவர்களும் இதையேதான் செய்தார்கள்.

தட்டின் மேல் நிகழ்வது என்ன என்பதைச் சிறிது சொல்லியாக வேண்டும். நட்சத்திரம் எத்தனை பெரிதானாலும் நமக்கு அது ஒரு புள்ளிதான். ஆனால் காற்றின் நடுக்கத்தால் அலைந்தும், கண்ணாடியின் மேல் பூசிய ஜெலட்டின் படலத்துக்குள் வெள்ளி புரோமைடுத் துகள்களிடையே சிதறியும் அதன் ஒளி பரவுவதால், பிரகாசமான நட்சத்திரம் பெரிய வட்டமாகவும் மங்கலானது சிறிய வட்டமாகவும் பதிந்துவிடுகிறது. பிரகாசம் பருமனாக வேஷம் மாறி வருகிறது. அப்படியானால் ஒரு நுண்ணளவி கொண்டு வட்டத்தின் குறுக்களவை அளந்து விடை சொல்லிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். தனியே எடுத்த அந்த அளவை நம்புவதற்கில்லை. ஒரு தட்டின் பூச்சுப் போல இன்னொன்றின் பூச்சு அமைவதில்லை. ஒரு நாள் திராவகம் சூடாக இருக்கும், மறுநாள் ஆறியிருக்கும். ஓரிரவு வானம் துலங்கும், மறு இரவு மெல்லிய பனித்திரை தொங்கும். ஒளியை இரு மடங்கு நேரம் காட்டினால் கறுப்பும் இரு மடங்காகும் என்ற நியாயமும் அங்கே செல்லாது. ஆகவே ஒரு தட்டின் எண்ணை மற்றொரு தட்டின் எண்ணோடு நேரே ஒப்பிட முடியாது. ஆனால் ஒரே தட்டிலுள்ள நட்சத்திரங்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தவை. உப்புக் குறைந்திருந்தால் அது எல்லா இலைக்கும் குறைந்ததுதான். பந்தியின் கோடியில் இருப்பவர்களுக்குப் பரிமாறுவது மட்டும் சற்று வேறுபடும் என்பதையும் மறைக்கக்கூடாது. தட்டின் ஓரங்களில் உருவங்கள் இறகு முளைத்தாற்போலக் கோணிப் போகும். அதனால் அடுத்தடுத்துள்ளவற்றையே ஒப்பிட வேண்டும். செம்மை நிறத்தின் மீது பழைய தட்டுகளுக்கு ஒரு தீராத அலட்சியம் இருந்ததையும், திருவாதிரையைப் போன்ற செந்நிற நட்சத்திரங்கள் கண்ணுக்குத் தெரிவதைவிட மங்கலாகவே அவற்றில் பதிந்ததையும், இந்தக் கலையில் தேறியவர்கள் மறந்ததேயில்லை.

இந்த வித்தை தன் உச்சத்தை அடைந்த இடம் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸிலுள்ள ஹார்வர்ட் வானாராய்ச்சிக் கூடம். 1877 முதல் 1919 வரை அதை நடத்திய எட்வர்ட் பிக்கரிங், பெரு நாட்டில் சுமார் 8,000 அடி உயரத்திலிருக்கும் அரெக்கிப்பா நகரத்தருகே ஒரு கிளை நிலையத்தை அமைத்து, அங்கே 24 அங்குலக் கண்ணாடிவில்லை பொருத்திய புரூஸ் தொலைநோக்கியால் தென்வானத்தைப் படம் பிடிக்கச் செய்தார். 14 அங்குலத்துக்கு 17 அங்குலம் அளவுள்ள அந்தத் தட்டுகளில் முழு நிலா ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு விழும். மலையிலிருந்து இறங்கி, பெட்டிகளில் அடைபட்டு, கப்பலேறி வந்த அவை ஹார்வர்டில் ஒரு செங்கல் கட்டடத்தில் அடுக்கப்பட்டன. வடவானத் தட்டுகளும் சேர்ந்து அந்தச் சேகரம் இன்று ஐந்து லட்சத்துக்கும் மேல். அவற்றைப் படித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 'கம்ப்யூட்டர்' என்ற சொல் அந்நாளில் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்கிடும் அந்தப் பெண்களையே குறித்தது. அவர்களுள் ஹென்ரியட்டா ஸ்வான் லீவிட் என்ற அம்மையாரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

1868இல் பிறந்த அவர் 1895இல் சம்பளமில்லாத் தொண்டராக அங்கே சேர்ந்து, சில வருஷ இடைவெளிக்குப் பின் 1902இல் மணிக்கு 30 சென்ட் கூலிக்கு அமர்த்தப்பட்டார். காது வரவரக் கேளாமல் போய்க்கொண்டிருந்தது. (பிற்காலத்தில் இவர் ஆராய்ச்சியால் புகழ்பெற்ற, சீபைட் என்ற மாறும் நட்சத்திர இனத்துக்குப் பெயர் தந்த டெல்டா சீபை நட்சத்திரத்தின் ஒளி ஏற்றத்தாழ்வை 1784இல் கண்டுபிடித்த ஆங்கில இளைஞர் ஜான் குட்ரிக்கும் செவிடர், இருபத்தொரு வயதில் மாண்டவர். இதிலிருந்து நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. ஆனால் நினைவிலிருந்து நீங்க மறுக்கிறது.)

ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே மாறுவது எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா? அதற்கு அவர்கள் கையாண்ட உபாயம் மிக அழகானது. ஓரிரவின் தட்டிலிருந்து இன்னொரு கண்ணாடியில் நேர்ப்படி ஒன்று எடுத்துக்கொள்வார்கள்; அதில் வானம் கறுத்தும் நட்சத்திரங்கள் வெளுத்தும் இருக்கும். அதன் மேல் வேறோர் இரவின் மூலத் தட்டைப் பொருத்தி வைத்தால், மாறாத நட்சத்திரங்களில் வெள்ளைப் பொட்டைக் கறுப்புப் பொட்டு சரியாக மூடி ஒன்றையொன்று விழுங்கிவிடும். மாறியது மட்டும் அடங்காது: பருத்திருந்தால் வெள்ளைக்கு வெளியே கறுப்பு விளிம்பு கட்டும், இளைத்திருந்தால் கறுப்பைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் எட்டிப் பார்க்கும். இவ்வாறு லீவிட் அம்மையார், தென்வானத்து நட்சத்திரத் திரள்களான இரு மெகல்லன் மேகங்களிலும் பொறுக்கியெடுத்தவை 1,777. 1908இல் அவற்றின் பட்டியல் அச்சாயிற்று.

பிறகுதான் மாற்று உரைக்கும் வேலை. மரச் சட்டத்தில் சாய்த்து வைத்த தட்டுக்குக் கீழே ஒரு கண்ணாடி வானொளியை வாங்கி மேலே திருப்பும், கையிலே பூதக்கண்ணாடி. பான் நகரத்து அர்கெலாண்டர் வெறுங்கண்ணால் வானத்தைப் பார்ப்பவர்களுக்காக வகுத்த படிமுறையை ஒட்டிய ஒரு முறை இங்கே பயன்பட்டது: ஒளித்தரம் தெரிந்த இரு அயல் நட்சத்திரங்களைத் தேர்ந்து, அவற்றின் இடைவெளியைப் பத்துப் படியாக மனத்தில் வகுத்து, நம் நட்சத்திரம் முதலாவதிலிருந்து மூன்று படி, இரண்டாவதிலிருந்து ஏழு படி என்று சொல்ல வேண்டும். இதற்குத் துணையாக ஒரு சின்னக் கருவியும் உண்டு. ஒரே நட்சத்திரத்தை அடுத்தடுத்து வெவ்வேறு நேரம் காட்டி, கடுகிலிருந்து மிளகு வரைக்கும் போலப் படிப்படியாகப் பருத்த புள்ளிவரிசையைப் பதித்த ஒரு கண்ணாடித் துண்டு அது. கம்பிப் பிடி வைத்து, தட்டின் மேல் தேவைப்பட்ட இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். பத்தரின் உரையாணிக் கோவைக்கு நேர் உறவு. ஈயடிக்கும் மட்டையைப் போல இருந்ததாலும், அதைக்கொண்டு ஈயைச் சாகடிக்க முடியாது, செல்லமாக ஒரு தட்டு வேண்டுமானால் தட்டலாம் என்ற அளவுக்குச் சிறியதாக இருந்ததாலும் 'ஃப்ளை ஸ்பேங்கர்' என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார்கள். நம்மூரில் ஈ ஓட்டுவது என்றால் வேலையற்றிருப்பது; அங்கே அந்த ஈயடிப்பானைக் கையில் எடுத்தவர்களுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.

ஒளித்தரம் என்றேனே, அந்த அளவைக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. ஐந்து தரம் ஏறினால் ஒளி நூறில் ஒரு பங்காகக் குறையும், அதாவது தரத்துக்குத் தரம் 2.512 மடங்கு, என்று 1856இல் வரையறுத்த நார்மன் பாக்ஸன், 1861இல் மதராஸ் வானாராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக வந்து 1891இல் இந்நகரத்திலேயே உயிர்நீத்தார். அவரிடம் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867இல் ஆர் ரெட்டிக்குலி என்ற மாறும் நட்சத்திரத்தைக் கண்டார்; அவருக்குத் தட்டின் உதவி கிடையாது. தட்டில் பழகிய கண் தரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை பிழையில்லாமல் மட்டிடும் என்றால், ஒளியில் அது ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து. இன்றைய கருவிகளுக்கு இது நகைப்புக்குரிய அளவாக இருக்கலாம். மனிதக் கண்ணுக்கு நான் இதைப் பெருமையாகவே கருதுகிறேன்.

ஆனால் இந்தக் கலையின் பேரின்பம் மட்டிடுவதில் இல்லை, அதற்குப் பிறகு வருவதில் இருக்கிறது. தட்டுகள் ஒழுங்கான இடைவெளியில் எடுக்கப்பட்டவையல்ல. இன்று ஒன்று, பத்து நாள் கழித்து ஒன்று, மழைக்காலம் போன பின் இரண்டு, இப்படிப் பல வருஷங்களில் சிதறிக் கிடப்பவை. ஒரு கச்சேரி மண்டபத்தின் கதவை வெவ்வேறு வேளைகளில் ஒரு கணம் திறந்து மூடி, அந்தந்தக் கணத்தில் காதில் விழுந்த ஒற்றைத் தட்டை மட்டும் குறித்துக்கொண்டு, உள்ளே நடப்பது எந்தத் தாளம், ஆவர்த்தம் எத்தனை அட்சரம் என்று சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே கேட்கப்படுவது. ஐந்து நாள் என்று ஓர் ஆவர்த்தத்தை உத்தேசித்து எல்லாத் தேதிகளையும் அதற்குள் மடித்துப் போட்டால் புள்ளிகள் தாறுமாறாக விழும். ஐந்தேகால் என்றால் சற்றுக் கூடிவரும். இன்னும் சிறிது நகர்த்த, திடீரென்று அத்தனை புள்ளிகளும் ஒரே கோட்டில் வரிசை கட்டி நிற்கும். விறுவிறுவென்று ஏறி, உச்சத்தில் அதிகம் தங்காமல், நிதானமாக இறங்கி வரும் அந்த வளைகோடு சீபைட் நட்சத்திரங்களின் கையெழுத்து. வருஷக்கணக்கான மட்டிடல்களில் எத்தனை நேர்மை இருந்தது என்பதற்கு அந்தக் கோட்டைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. மனம்போல எண்களை எழுதியவருக்கு எந்த ஆவர்த்தத்திலும் அது கூடிவராது.

சிறிய மெகல்லன் மேகத்தில் 25 நட்சத்திரங்களுக்கு லீவிட் அம்மையார் இவ்வாறு ஆவர்த்தம் கண்டார். மிகக் குறைந்தது ஒன்றேகால் நாள், மிக நீண்டது 127 நாள். பிரகாசம் கூடக் கூட ஆவர்த்தமும் நீள்கிறது என்பதை 1908லேயே 16 நட்சத்திரங்களைக் கொண்டு ஒரு வரியில் குறிப்பிட்டவர், 1912 மார்ச்சில் வெளியான மூன்று பக்கச் சுற்றறிக்கையில் அதை ஒரு நேர்கோடாகவே வரைந்து காட்டினார். அந்த மேகத்திலுள்ளவை எல்லாம் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால், பளிச்சென்று தெரிவது மெய்யாகவே ஒளி மிக்கதுதான். ஆகையால் துடிப்பின் நேரத்தைக் கேட்டே மெய்யொளியைச் சொல்லிவிடலாம், மெய்யொளி தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர் பிக்கரிங். விவரத்தைத் தயாரித்தவர் மிஸ் லீவிட் என்று முதல் வரியில் அவர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அந்த அம்மையார் இந்தக் கோட்டைத் தொடர்ந்து ஆராய விடப்படவில்லை. 13 தொலைநோக்கிகளின் 299 தட்டுகளைக்கொண்டு துருவத்தருகேயுள்ள 96 நட்சத்திரங்களின் தரத்தை நிர்ணயிக்கும் பணி அவர் கையில் இருந்தது. எல்லாருக்கும் உரையாணி செய்து கொடுக்கும் வேலை. அவசியமானதுதான், ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. 1921 டிசம்பரில் அவர் காலமானார்.

1923 அக்டோபரில் கலிபோர்னியாவின் வில்சன் மலையில் 100 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த ஆண்ட்ரோமீடா நெபுலாவின் தட்டொன்றில், திடீரென ஒளிர்ந்து மங்கும் நோவா என்பதற்கு அடையாளமாக 'N' என்று எழுதியிருந்ததை வானநூலார் எட்வின் ஹபிள் அடித்துவிட்டு, மாறும் நட்சத்திரம் என்று ஆச்சரியக்குறியோடு மையால் எழுதினார். அதன் ஆவர்த்தம் 31.4 நாள். லீவிட் அம்மையாரின் கோட்டில் அதை வைத்துப் பார்க்க, ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெகு தொலைவில் வேறொரு நட்சத்திர உலகமாக நின்றது.

ஒளிமின் கருவிகளும், பிற்பாடு மின்னணுச் சில்லுகளும் வந்து, கண்ணால் மட்டிடும் பழக்கம் ஓய்ந்தது. ஆனால் எந்தக் கருவியாலும் நேற்றைய இரவைத் திரும்ப எடுத்துவர முடியவில்லை. 1963இல், நட்சத்திரம் போலத் தோன்றியும் வெகு தொலைவிலிருப்பதாகத் தெரியவந்த 3சி 273 என்ற விசித்திரமான ஒளிப்புள்ளி உலகத்தைத் திகைக்கவைத்தபோது, ஹார்வர்ட் அலமாரிகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அது யாரும் அறியாமல் பதிந்து கிடந்தது. வானநூலாரான ஹார்லன் ஸ்மித், டாரிட் ஹாஃப்லைட் இருவரும் பழைய தட்டுகளை எடுத்துப் பார்த்து, அது இத்தனை காலமும் ஒளி மாறிக்கொண்டே வந்திருப்பதைக் காட்டினார்கள்.

பின்னர் அந்தத் தட்டுகளையெல்லாம் இயந்திரத்தால் வருடி எண்களாக்கும் பணியை மேற்கொண்டார்கள். கண்ணாடியின் வெறும் பக்கத்தில் அந்தப் பெண்கள் வட்டமிட்டும், அம்புக்குறி போட்டும், எண்ணிட்டும் வைத்த மைக்குறிகள் வருடும் கருவிக்கு இடைஞ்சலாதலால், முதலில் அவற்றை அப்படியே படம் பிடித்துக்கொண்டு, பிறகு துடைத்துவிட்டார்கள். நியாயந்தான், மைக்குக் கீழே நட்சத்திரம் மறைந்திருக்கிறதே. சரித்திர மதிப்புள்ள சில தட்டுகளை மட்டும் தொடாமல் தனியே வைத்திருக்கிறார்கள். அவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஒரு பக்கத்தில் வெள்ளித் துகளாக ஓர் இரவும், மறு பக்கத்தில் மையாக ஒரு பகலும், இடையே ஒரு கண்ணாடியின் கனமும் தெரியும்.